தீரன் என்று ஒருவர் இங்கே இல்லை

தம்பி,

நாளைக் காலை முதல் படகில் நீ நெடுந்தீவை விட்டு வெளிக்கிடுகிறாய். பெட்டி கட்டியாகிவிட்டது. கட்டிய பெட்டியை அம்மா திரும்பவும் அவிழ்த்து, உன் காற்சட்டைகளுக்கு நடுவில் மிளகாய்த்தூளை ஒளித்து வைத்திருக்கிறாள். கட்டாரில் இறங்கும்போது யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல். எனக்கும் தெரியாது. இந்தமுறை விருந்து வைக்கவில்லை, ஊருக்குச் சொல்லவும் இல்லை. ஆனால் உன்னிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வி அந்த நாள் தொடக்கம் எனக்குள் கிடக்கிறது. நீ கரையில் இருந்த அந்த நாளைத்தான் சொல்கிறேன். கேட்காமல் உன்னைப் படகேற்ற எனக்குப் பயமாக இருக்கிறது. நேரே கேட்க வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். மற்றத் தாய் தகப்பன்மாரும் வாசிக்கட்டும் என்று பங்குக் கோயில் சஞ்சிகைக்கும் கொடுக்கப்போகிறேன். நான் கேட்டபோது நீ, "போடுங்கோ அப்பா, என்ர பேரை மட்டும் போட்டுடாதேங்கோ" என்று சொன்னாய். போடவில்லை. நடந்த கதைக்குத்தான் நீ சம்மதம் தந்தாய், கேள்வியைப் பற்றி உனக்குத் தெரியாது. அச்சுக்குப் போகுமுன் முதலில் நீதான் இதை வாசிக்கவேண்டும்.

எங்கே இருந்து தொடங்குவது? கனடாவில் இருந்துதான். உனக்கு விசா வருவதற்கு முன்னமே நான் கிடாய் அடித்து விருந்து வைத்துவிட்டேன். எல்லாம் சரி, கடிதம் வருவதுதான் பாக்கி என்று விசா அலுவல் பார்த்த ஏஜென்ட் சொன்னான், நானும் நம்பினேன். எனக்கு அவசரம். என் பிள்ளை போகிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லவேண்டும். வந்தவர்கள் உனக்குத் தொப்பி தந்தார்கள், குளிருக்குக் கையுறை தந்தார்கள், ஒரு மாமி அழவும் செய்தார். பிறகு விசா இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக்கூட நான் தாங்கினேன். அதற்குப் பிறகு நீ தெருவில் இறங்கும்போதெல்லாம் கேட்டார்களே ஒரு கேள்வி, அதை நீ எப்படித் தாங்கினாய் என்று எனக்குத் தெரியவில்லை. "என்ன தம்பி, இன்னும் வெளிக்கிடேல்லையோ?" கடையில் கேட்டார்கள், பூசை முடிந்து வரும்போது கேட்டார்கள், தண்ணிப் பவுசர் ஓட்டுகிறவன் வாகனத்தை நிறுத்திக் கேட்டான். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் கொடுமை, திருப்பிக் கோபிக்கவும் ஏலாது.

பிறகு நீ தெருவுக்கு இறங்குவதைக் குறைத்தாய். அறைக்குள் போனோடு இருந்தாய். கதவுக்கு வெளியே எங்களுக்குக் கேட்டதெல்லாம் இதுதான்: "மேல நிக்கிறான், மேல நிக்கிறான்! அடி! ஐயோ நான் விழுந்திட்டன், தூக்கு, கெதியா வந்து தூக்கு!" முதல் நாள் அம்மா அகப்பையும் கையுமாக ஓடிவந்து கதவைத் தள்ளினாள். நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு, "ஒண்டுமில்லையம்மா, கேம்" என்றாய். அம்மா குசினிக்குள் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டதை நீ பார்க்கவில்லை. எங்கள் வயதுக்காரர் விளையாட்டென்று தெரிந்தாலும் அந்தச் சொற்களை விளையாட்டாகக் கேட்கமாட்டோம். எங்கள் காதுகள் அப்படிப் பழகிப்போனவை. நான் அதை உனக்குச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை, கத்தினேன்.

கத்தின அந்த நாளும் உனக்கு ஞாபகம் இருக்கும். வலையில் ஒன்றும் படாமல் வந்த ஆத்திரம் எனக்கு. நீ உள்ளே சிரித்துக்கொண்டிருந்தாய். "அந்தக் கோதாரி போனைத் தூக்கிக் கடலில எறி! ஊர் சிரிக்குது, நீயும் சிரிக்கிறாய். ஒரு வேலைக்கும் உதவாத உன்னை வச்சு நான் என்ன செய்யிறது?" என்று கத்தினேன். நீ திருப்பி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதைக் கண்டு நான் அன்றைக்கே பயந்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீடு கோயில் மாதிரி இருந்தது. அறையில் சத்தமில்லை. வைத்ததைச் சாப்பிட்டாய். விழுந்து கிடந்த கல்வேலியைச் சொல்லாமலே எடுத்து அடுக்கினாய். கனடாவுக்கென்று தந்த கையுறையை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு விளையாடக் கொடுத்தாய். நான் அம்மாவிடம், "பாத்தியே, ஒருக்கால் இறுக்கிச் சொன்னாத் திருந்துவான்" என்று பெருமை அடித்தேன். தகப்பன்மாரே, நன்றாகக் கேளுங்கள். பிள்ளை திடீரென்று நல்லவனாக மாறினால் பெருமை அடிக்காதீர்கள். பக்கத்தில் போய் இருங்கள்.

மூன்றாம் நாள் காலையில், "நாம்பன் மாட்டைக் காணேல்லை, வெளிப்பக்கம் போய்ப் பாத்துக்கொண்டு வாறன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நீ நடந்தாய். நான் எஞ்சின் சாமான் வருகிறதென்று மாவிலித்துறைக்குப் போனேன். காற்றுக் காலத்துக் கடல் உனக்குத் தெரியும்தானே, படகு குறிகட்டுவானில் இருந்து வந்து சேருவதற்குள் ஆட்களைக் கலக்கி எடுத்துவிடும். அன்றைக்கு இறங்கியவர்களில் ஒருவன் நெட்டையாக, ஒல்லியாக, துணைக்குப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் ஜெற்றியிலேயே குந்திவிட்டான். சத்தி எடுத்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினான். அத்தனை பேர் நிற்க நேரே என்னிடம் வந்தான். எஞ்சின் பெட்டியைத் தூக்குகிறவனோடு நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன், அதுதான் காரணம் என்று பிறகுதான் விளங்கியது.

"அங்கிள், இங்க தீரன் எண்டு ஒராள் இருக்கிறார். வீடு எங்க எண்டு தெரியுமோ?"

"எந்தத் தீரன்? தகப்பன்ர பேர் என்ன?"

"அது தெரியாது. அவரின்ர சொந்தப் பேரும் தெரியாது, நெடுந்தீவு எண்டு மட்டும் சொன்னவர். தீரன் எண்டுதான் நாங்கள் கூப்பிடுறது."

"நாங்கள் எண்டால் ஆர்?"

"எங்கட ஸ்குவாட், அங்கிள். நாலு பேர். நான் வேலணையில இருந்து வாறன்."

தம்பி, எனக்குத் தெரியும். உன் கதவுக்கு வெளியே நின்றபோது போனுக்குள் இருந்து ஒருவன் "தீரன், தீரன்" என்று கூப்பிட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அவன் தேடி வந்தது உன்னைத்தான் என்று நன்றாகத் தெரிந்தும் சொன்னேன்:

"தீரன் எண்டு ஒருத்தரும் இங்க இல்லை. நீர் பின்னேரப் படகில திரும்பிப் போம்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தான். "சரி அங்கிள்" என்று சொல்லிவிட்டு றோட்டில் ஏறி நடந்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ அன்றைக்கே என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உன் சித்தப்பாவைப் பற்றி நான் உனக்கு அதிகம் சொன்னதில்லை. அவன் எங்களோடு இருந்த காலத்தில் அவனுக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, கோயிலில் தண்ணி ஊற்றி வைத்த பெயர். அவன் இயக்கத்துக்கென்று வீட்டைவிட்டுப் போய்ப் பல மாதங்களுக்குப் பிறகு, முன்பின் தெரியாத இரண்டு பேர் சைக்கிளில் வந்து வேறொரு பெயரைச் சொல்லி, அவருடைய வீடு இதுவோ என்று கேட்டார்கள். "அப்பிடி ஒராள் இங்க இல்லை" என்று எங்கள் ஐயா, உன் அப்பப்பா, சொன்னார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஒரு சறத்தையும் செபமாலையையும் எடுத்து நீட்டினார்கள். செபமாலை எங்கள் ஆச்சியுடையது. அன்றைக்குத்தான் அவனுக்கு இன்னொரு பெயர் இருந்தது என்று எங்களுக்குத் தெரியவந்தது. அதற்குப் பிறகு இந்த ஊரில் யாராவது தெரியாத ஆள் வந்து, தெரியாத பெயரைச் சொல்லி, எங்கள் பிள்ளை ஒன்றைக் கேட்டால் எங்களிடம் ஒரே பதில்தான். நல்லதற்கு வந்தானா கெட்டதற்கு வந்தானா என்று யோசிப்பதில்லை. வாய் தானாகச் சொல்லிவிடும். உனக்கு இன்னொரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லி ஒருவன் கடல் கடந்து வந்திருக்கிறான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நான் அதோடு நிற்கவில்லை. சந்திக் கடைக்குப் போன் எடுத்தேன். "ஒரு நெட்டைப் பெடியன் வருவான். தீரன் எண்டு கேட்டால் தெரியாது எண்டு சொல்லு." ஏன், எதற்கு என்று கடைக்காரன் கேட்கவில்லை. அவன் அடுத்தவனுக்குச் சொன்னான். எங்கள் ஊரில் ஒரு நல்லது கெட்டதுக்குப் பந்தல் போட ஆள் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம், இதற்கு ஒரு நிமிசத்தில் ஊரே சேர்ந்துவிட்டது. அந்தப் பெடியன் கடையில் கேட்டான், தெரியாது. கோயிலடியில் கேட்டான், தெரியாது. மாடு கொண்டுபோன மனுசியிடம் கேட்டான், அவளுக்கும் தெரியாது. வெயில் ஏறிவிட்டது. நான் வீட்டில் கதிரையைப் போட்டு, எஞ்சின் பெட்டியைக்கூட அவிழ்க்காமல் இருந்தேன். அம்மா என்ன ஒரு மாதிரி இருக்கிறியள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த வீட்டுச் சூசை அண்ணைதான் அவனைப் பிடித்தார். பிடித்தார் என்றால் சேட்டின் பின்கழுத்தில்தான் பிடித்தார். இந்தக் காலத்தில் தீவுகளுக்குள் தெரியாத பெடியங்கள் வருவதென்றால் எங்கள் ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது போதைத் தூள் வியாபாரம். நான் போன் எடுத்ததும் அதற்குத்தான் என்று அவர் நினைத்துவிட்டார். வேலியால் எட்டிக் கூப்பிட்டார்.

"இந்தாரும், உம்மட ஆள். வெயிலுக்க சுத்துறான். பொலிசுக்குச் சொல்லட்டோ, இல்லாட்டி நாங்களே ரெண்டு போட்டு அனுப்புவமோ?"

அந்தப் பெடியன் நடுங்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னான். "அங்கிள், நீங்கள்தான் தீரன்ர அப்பா. எனக்கு ஜெற்றியிலயே தெரியும்."

"என்னெண்டு தெரியும்?"

"உங்கட குரல். அவர் விளையாடேக்க மைக் திறந்து கிடக்கும். நீங்கள் பேசுறது எங்கள் மூண்டு பேருக்கும் கேக்கும். 'அந்தக் கோதாரி போனைத் தூக்கிக் கடலில எறி' எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

சூசை அண்ணையின் கை தளர்ந்தது. குசினிக்குள் இருந்து அம்மா, "ஆரப்பா அது வாசல்ல?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பினான்.

"நீங்கள் அவரின்ர அம்மா. 'கோழியை மூடினியோ, கோழியை மூடினியோ' எண்டு நெடுகக் கேப்பியள். எங்கட ஸ்குவாட்டில ஆரும் விழுந்தால் நாங்கள் அப்பிடித்தான் பகிடிக்குச் சொல்லுறது, கோழியை மூடியாச்சு எண்டு."

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தாய்மார் எப்படித்தான் அறிவார்களோ. "என்ர பிள்ளைக்கு என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

"அவர் வீட்டில நிக்கிறாரோ அன்ரி? முதல் அதைச் சொல்லுங்கோ."

"நாம்பன் தேடிப் போனவன். நீ எதுக்குக் கேக்கிறாய்?"

"முந்தநாள் எனக்கு அவரின்ர ஐடியைத் தந்திட்டார். பாஸ்வேர்டையும் தந்திட்டு, நீயே வச்சிரு எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார். அதுக்குப் பிறகு ஆளில்லை. போன் ஓஃப்."

இந்த இடத்தில்தான், தம்பி, எங்கள் படிப்பு தொடங்கியது. வாசலில் நின்று, வெயிலுக்குள். சூசை அண்ணை கேட்டார், "ஐடி எண்டால் அடையாள அட்டையோ?" இல்லை என்றான் அவன். அது விளையாட்டுக்குள் நீ இருக்கிற ஆள். நீ உள்ளே போகும்போது அந்தப் பெயரில், அந்த உடுப்பில்தான் நிற்பாய். முதல் நாள் எல்லாரும் வெறும் ஆளாகத்தான் இறங்குவார்களாம், ஒன்றும் தெரியாத ஆளுக்கு நூப் என்று பெயராம். ஆடி ஆடி, தோற்றுத் தோற்று, ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் ஒருவன் மேலே வருவானாம்.

"சரி, விளையாட்டைக் குடுத்திட்டான். அதுக்கு நீ வேலணையில இருந்து வரவேணுமே?" என்று நான் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும், உனக்கே தெரியும்.

அவன் என்ன சொல்வதென்று தெரியாமல் சுற்றிவரப் பார்த்தான். எங்கள் வள்ளம் வேலிக்கரையில் கவிழ்த்தபடி கிடந்தது. "அங்கிள், அது உங்கட வள்ளமோ?"

"ஓம்."

"நாளைக்கு விடிய நீங்கள் அந்த வள்ளத்தை, வலையை, எஞ்சினை எல்லாத்தையும் இந்த அங்கிளிட்டக் குடுத்து, 'இனி எனக்கு வேண்டாம், நீயே வச்சிரு' எண்டு சும்மா சொல்லிப்போட்டுப் போனால், அவர் என்ன நினைப்பார்?"

சூசை அண்ணை சேட்டில் பிடித்த கையை எடுத்து, கசங்கிய இடத்தைத் தடவி விட்டார். நான் உன் அறைக்குள் ஓடினேன். கட்டில் விரிப்பு இழுத்துச் சரி செய்யப்பட்டிருந்தது. தலகணியின்மேல் போன் இருந்தது. வெளியே அம்மா கத்தினாள். நான் ஓடிவந்து பார்த்தேன். அவள் வளவின் பின்பக்கத்தைக் காட்டினாள். நாம்பன் பூவரச மரத்தடியில் கட்டினபடி படுத்துக் கிடந்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

சூசை அண்ணையின் லாண்ட் மாஸ்டர் உழவு மெசினில் ஏறினோம். பின்பெட்டிக்குள் நானும் அந்தப் பெடியனும், அம்மாவைப் பக்கத்து வீட்டு ஆட்களோடு விட்டுவிட்டு வந்தோம். மேற்கு வெளிக்குப் போகிற பாதை பாதையே இல்லை என்பது உனக்குத் தெரியும். கல்லில் ஏறி விழும்போது அவன் பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் சத்தி எடுத்தான். வேலணையில் பிறந்தவன், பாலத்தால் பஸ்ஸில் திரிந்து வளர்ந்த தீவான். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படகேறினானாம். "உன்ர பேர் என்னடா?" என்று கேட்டேன். சொந்தப் பெயரைச் சொன்னான், பிறகு, "கேமில கொக்கு" என்றான். எனக்கு அந்த நேரத்தில் அந்தப் பெயர்தான் மனதில் நின்றது. இப்போதும் எங்கள் வீட்டில் அவன் கொக்குத்தான், அம்மா அவனுக்குச் சோறு போடும்போதும் "கொக்கு, இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்றுதான் சொல்கிறாள்.

போகும் வழியில் நான் அவனிடம் கேட்டேன். "உங்களுக்கு அவன் வேற என்ன சொன்னவன்?" உன் இரகசியத்தைச் சொல்லலாமோ என்று யோசித்தான். பிறகு சொன்னான். நீ மற்றவர்களைத் தூக்குகிறவனாம். யாராவது அடிபட்டு விழுந்தால், எங்கே நின்றாலும் ஓடிவருவது நீதானாம். தூக்கி முடியும்வரைக்கும் தூக்குகிறவன் கையில் ஆயுதம் எடுக்க ஏலாது, அசைய ஏலாது, குனிந்து பக்கத்தில் இருக்கவேண்டும், அந்த நேரத்தில் அவனை யாரும் சுடலாம். அதனால் கனபேர் போகமாட்டார்கள், விழுந்தவனை விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். "தீரன் ஒருநாளும் ஆரையும் விட்டிட்டு ஓடேல்லை அங்கிள்" என்றான். நான் பெற்ற பிள்ளை. ஒரு வேலைக்கும் உதவாதவன் என்று சொன்னேன்.

குதிரைகள் மேய்கிற வெளி தாண்டி, கரை தெரிகிற இடத்தில் உன்னைக் கண்டோம். தண்ணிக்குப் பக்கத்தில், கல்லில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாய். நான் பெட்டியில் இருந்து குதித்துக் கூப்பிட வாயைத் திறந்தேன். கொக்கு என் கையைப் பிடித்தான். என் வயதுக்கு அப்படி ஒரு பிடியை ஒரு பெடியனிடம் இருந்து நான் வாங்கினதில்லை.

"அங்கிள், நீங்கள் நில்லுங்கோ. கூப்பிடாதேங்கோ."

"என்ர பிள்ளையடா!"

"ஓம் அங்கிள். ஆனா உங்கட சத்தம் கேட்டால் அவர் மைக்கை ஓஃப் பண்ணிப்போடுவார். ஒவ்வொரு முறையும் அப்பிடித்தான். நீங்கள் பேசத் தொடங்கினா அவர் ஓஃப் பண்ணுவார், பேந்து கனநேரம் கதைக்கமாட்டார்."

நான் நின்றேன். சூசை அண்ணை எஞ்சினை நிறுத்தினார். அவன் தனியே நடந்து போனான். உன் முகத்தை அதுவரை அவன் பார்த்ததில்லை, அவன் முகத்தை நீயும் பார்த்ததில்லை. உன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்று ஏதோ சொன்னான். நீ திரும்பினாய். அவனைப் பார்த்து எழும்பவில்லை, தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தாய். அவன் இன்னும் ஏதோ சொன்னான். அப்போதுதான் உனக்குக் குரல் விளங்கியிருக்கவேண்டும், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாய். அவன் பக்கத்தில் வந்து இருந்தான். காற்று எங்கள் பக்கம் அடித்ததால் இடையிடையே எனக்குக் கேட்டது.

"…உன்ர ஐடியில நான் உள்ள போனனான். எனக்கு ஏலாதடா. எல்லாரும் நீ எண்டு நினைச்சுக் கதைக்கினம். எங்கட ஸ்குவாட்டில இருக்கிற அந்த மன்னார்ச் சின்னன் 'தீரன் அண்ணை எங்க போனீங்கள்' எண்டு கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல? நான் வாயைத் திறந்தா நீ இல்லை எண்டு தெரிஞ்சிடும். நீயே வந்து சொல்லு. பாஸ்வேர்ட் மாத்தேல்லை…"

நீ என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. நெடுநேரம் பேசினீர்கள். ஒருமுறை அவன் உன் முதுகில் அடித்தான், ஒருமுறை நீ அவனைத் தள்ளினாய். பிறகு நீ சிரித்த மாதிரி இருந்தது, அழுத மாதிரியும் இருந்தது, அவ்வளவு தூரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் அந்த வெளியில் நின்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடலில் எஞ்சின் நின்று நீரோட்டத்தில் இழுபட்ட நாளிலும் நான் அவ்வளவு பயந்ததில்லை. கடலில் என்றால் கத்தலாம்.

நீங்கள் இரண்டு பேரும் நடந்து வந்தீர்கள். நீ என்னைப் பார்த்து, "நாம்பனைக் காணேல்லை அப்பா" என்றாய்.

"ஓம். நாளைக்குப் பாப்பம்" என்றேன்.

நாம்பன் எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், கொக்குக்குத் தெரியும், சூசை அண்ணைக்கும் தெரியும். வீடு வந்து அது மரத்தடியில் எழும்பி நின்று எங்களைப் பார்த்தபோதும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பின்னேரப் படகு போய்விட்டது. கொக்கு எங்கள் வீட்டில் தங்கினான்.

அதற்குப் பிறகு நான் உன்னிடம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுப் படித்தேன். நீ பொறுமையாகத்தான் சொல்லித் தந்தாய். லூட் என்றால் கிடக்கிற சாமானைப் பொறுக்குவது. காம்பர் என்றால் ஒரு மூலைக்குள் ஒளிந்திருந்து வருகிறவனைச் சுடுகிறவன், கொக்கு அதில் கெட்டிக்காரன் என்று நீ சொன்னாய், அவன் மறுத்தான். நொக் என்றால் விழுந்தது, ஆனால் சாகவில்லை. ஏஎஃப்கே என்றால் ஆள் நிற்கிற மாதிரித் தெரியும், ஆனால் போனுக்குப் பக்கத்தில் ஆளில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா, "அப்ப உங்கட அப்பா கலியாணம் கட்டின நாளில இருந்து அதுதான்" என்றாள். நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். ஒருநாள் என் கையிலும் போனைத் தந்து விளையாட்டுக்குள் இறக்கினாய். விமானத்தில் இருந்து குதித்து நேரே கடலுக்குள் விழுந்தேன். அங்கேயும் கடல்தான். "அப்பா நூப்" என்று நீ சொன்னபோது, உண்மையாக, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இந்தக் கடிதத்தை வாசிக்கிற தாய் தகப்பன்மாருக்கு ஒன்று சொல்கிறேன். இந்தச் சொற்கள் ஒன்றும் பெரிய படிப்பில்லை. நாங்கள் கடலில் றேடியோ செற்றில் கதைப்பது உங்கள் மனைவிமாருக்கு விளங்குமோ? பழகப் பழக வரும். ஆனால் சொல்லைப் படித்தால் மட்டும் காணாது. உங்கள் பிள்ளையை வேறொரு பெயரால் கூப்பிடுகிறவர்கள் யார் என்று கேட்டு வையுங்கள். அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். எங்களுக்குப் பயம் வரக் காரணம் உண்டு, அந்தக் காரணம் பிள்ளைகளுடையது இல்லை. அன்றைக்கு நான் துறைமுகத்தில் "ஓம், அவன் என்ர பிள்ளைதான்" என்று சொல்லியிருந்தால் காலையிலேயே உன்னிடம் வந்திருப்போம். ஒரு ஊரே வாயை மூடி, அரைநாளை அந்தப் பெடியனிடம் இருந்து பறித்தோம். அவன் பயந்து அடுத்த படகில் திரும்பிப் போகிற ஆளாக இருந்திருந்தால்? கடலைக் கண்டு எனக்கு வேண்டாம் என்று குறிகட்டுவானிலேயே திரும்பியிருந்தால்?

இனி கேள்வி. அம்மா கேட்காதே என்கிறாள். அவன் இப்ப நல்லாத்தானே இருக்கிறான், ஏன் கிளறுகிறீர்கள் என்கிறாள். கொக்கிடம் கேட்டுப் பார்த்தேன். "அது அவர்தான் சொல்லவேணும் அங்கிள்" என்று அவனும் விட்டுவிட்டான். நீ போகிற இடத்தில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அங்கே யாராவது உன்னைச் சோதிப்பார்கள், சம்பளம் பிந்தும், வெயில் கொல்லும். "எப்ப ஊருக்கு வாறாய்" என்று இங்கே இருந்து ஒருவர் மாறி ஒருவர் கேட்பார்கள். அந்தக் கேள்வியும் முந்தினதைப் போலத்தான் குத்தும். அப்படி ஒரு நாளில் நான் லாண்ட் மாஸ்டரில் ஏறி வர ஏலாது.

ஆகவே கேட்கிறேன். அன்றைக்கு, நாம்பன் கட்டினபடி கிடக்க, அந்தக் கரையில் நீ என்ன நினைத்துக்கொண்டு இருந்தாய்? கொக்கு வராமல் இருந்திருந்தால் பின்னேரம் நீ வீட்டுக்கு வந்திருப்பாயா?

வந்திருப்பேன் என்றால், சரி, நான் வீணாகப் பயந்த கிழவன், நீ சிரிக்கலாம். வந்திருக்கமாட்டேன் என்றால் அதையும் எனக்குச் சொல். அந்த நினைப்பு இப்போதும் சில நாளில் வந்து போகிறதென்றால் அதைக் கட்டாயம் சொல். நாளைப் படகை விட்டுவிடுவோம், கட்டாரையும் விட்டுவிடுவோம், ஊர் என்ன கேட்டாலும் பதில் நான் சொல்கிறேன். முதல் வேலையாக உன்னோடு யாழ்ப்பாணத்துக்கு வந்து, இதைக் கேட்கத் தெரிந்த ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். வெளியில் இருக்கிற வாங்கில் குந்தியிருப்பேன், நீ உள்ளே தனியே கதைக்கலாம்.

நான் இப்போது வெளியில், கிணற்றடியில்தான் நிற்கிறேன். கடிதத்தை வாசித்துவிட்டு வா. எதைச் சொன்னாலும் நான் கத்தமாட்டேன், தம்பி. மைக்கை ஓஃப் பண்ணாமல் சொல்லிப் பார்.

அப்பா